ஆயிரமாவது படி: நாஃப்லியோ நாட்குறிப்பு

முதல் நாள்

ஏதென்ஸிலிருந்து பேருந்தில் இரண்டரை மணி நேரம். வழியில் கொரிந்து கால்வாய்ப் பக்கம் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். அக்கா கால்வாயை எட்டிப் பார்ப்பதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். அப்புறம் மலை, ஆலிவ், மலை. ஆர்கோஸ் சமவெளியில் இறங்கியதும் இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோட்டங்கள். நவம்பர் கடைசி என்பதால் காய்கள் பழுக்கத் தொடங்கியிருந்தன.

நாஃப்லியோ கிரேக்கத்தின் தெற்கே, பெலொப்பொனீஸில், கடலோரத்தில் உள்ள சின்ன ஊர். ஏதென்ஸுக்கு முன்னால் இதுதான் நவீன கிரேக்கத்தின் தலைநகரம் என்பது எனக்கு ஆறு மாதம் முன்புவரை தெரியாது. 1834-இல் தலைநகரை ஏதென்ஸுக்கு மாற்றியபோது ஊர் அப்படியே தூங்கப் போய்விட்டது. அதனால்தான் தப்பித்தது என்றும் சொல்லலாம். பழைய ஊரை நடந்தே கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம்.

பெட்டியை அறையில் வைத்துவிட்டு சின்டக்மா சதுக்கத்துக்கு வந்தோம். தரை முழுக்கப் பளிங்கு. பிள்ளைகள் பந்து உதைக்கிறார்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தலையைத் திருப்பினாலே போதும், ஊரின் சரித்திரம் மொத்தமும் வந்துவிடுகிறது. மேற்கே கல்லால் கட்டிய மூன்றடுக்குக் கட்டடம், 1713-இல் வெனிஸ்காரர்கள் கட்டிய படைக்கிடங்கு. இப்போது அருங்காட்சியகம். எதிரே ஒரு பழைய மசூதி. அது பள்ளிக்கூடமாக இருந்து, சினிமாக் கொட்டகையாக இருந்து, இப்போது நாடக அரங்கு. பெயர் ட்ரியனோன். கிடங்குக்குப் பின்னால் இன்னொரு மசூதி. அது துருக்கியரை எதிர்த்த சுதந்திரப் போர்க் காலத்தில் கிரேக்கர்களின் நாடாளுமன்றமாக இருந்ததால் இன்றும் 'வுலெஃப்திகோ', அதாவது சட்டமன்றம் என்றே பெயர்.

ஒரு ஓரத்தில் வங்கி. 1930-களில் கட்டியது. வாசல் தூண்கள் மேலே பருத்தும் கீழே மெலிந்தும் இருக்கின்றன. தலைகீழாக நட்டுவிட்டார்களோ என்று தோன்றும். பக்கத்தில் உள்ள பழங்கால நகரம் மைசீனி, அந்தக் காலத் தூண்களைப் பார்த்து வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். மூவாயிரம் ஆண்டு பழைய பாணியில் வங்கி. அக்கா, "பணத்தைப் போட்டா திரும்ப வருமா, இல்ல புதைச்சு வெச்சிடுவாங்களா?" என்றாள்.

அக்கா முப்பத்து நான்கு வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்தப் பயணம் அவள் காசு. நான் கூட வந்து கதை சொல்வதாக ஒப்பந்தம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட்டோம், தேவையே இல்லை. 'நிஸ்டீசிமா' என்று கேட்டால் போதும். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாடு அது. இறைச்சி, பால், முட்டை கிடையாது. சிப்பி, கணவாய் மட்டும் அதில் வரலாம், அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு இப்போது நடப்பதால் எல்லாக் கடையிலும் இருக்கிறது. தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் விட்ட காட்டுக்கீரை. கீரைக்குப் பெயர் 'ஹோர்தா'. அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இரண்டாம் நாள்

ஊருக்கு நேர் மேலே 216 மீட்டர் உயரப் பாறை. அதன் தலையில் பலமிதிக் கோட்டை. ஏறுவதற்கு 999 படி என்பது ஊர்ப்பேச்சு. ஆயிரமாவது படி ஒன்று இருந்ததாம், சுதந்திரப் போர்த் தளபதி கொலொகொத்ரோனிஸின் குதிரை மிதித்து உடைத்துவிட்டதாம். விடுதிக்காரம்மா இதைச் சொன்னதும் அக்காவின் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. எண்ணிப் பார்த்துவிடலாம் என்றாள்.

காலை எட்டரைக்குத் தொடங்கினோம். படிகள் பாறைச் சரிவில் வளைந்து வளைந்து போகின்றன. சில இடங்களில் கல் வளைவுக்குள் நுழைந்து வெளியே வருகின்றன. பல படிகளின் நடுப்பகுதி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது, ஓரமாகக் கால் வைப்பதுதான் பத்திரம். அக்கா நூறுக்கு ஒரு தடவை விரல் மடக்கிக்கொண்டு வந்தாள். 437-இல் ஒரு ஜெர்மானியத் தம்பதி வந்து படம் எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் எண் போய்விட்டது. "437-ஆ 473-ஆ?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு மூச்சே இல்லை, எண் எங்கே?

கோட்டைக்குப் பெயர் கொடுத்த பலமெடெஸின் கதையை அங்கே நின்ற சாக்கில் சொன்னேன். இந்த ஊரை நிறுவியதாகச் சொல்லப்படும் நாஃப்லியோஸின் மகன் அவன். ட்ராய் நகரத்தின் மேல் கிரேக்கர்கள் தொடுத்த போருக்குப் போகப் பிடிக்காமல் ஒடிசியஸ் என்ற அரசன் பைத்தியம் போல நடித்தான். ஏரில் மாட்டையும் கழுதையையும் சேர்த்துப் பூட்டி நிலத்தில் உப்பை விதைத்தான். பலமெடெஸ் அவனுடைய கைக்குழந்தையைத் தூக்கி ஏருக்கு முன்னால் வைத்தான். ஒடிசியஸ் ஏரைத் திருப்பினான், குட்டு வெளிப்பட்டது. ஒடிசியஸ் அதை மறக்கவில்லை. போர்க்களத்தில் ஒரு பொய்க் கடிதமும் கொஞ்சம் தங்கமும் வைத்து, எதிரிக்கு விலைபோனவன் என்று பலமெடெஸை மாட்டிவிட்டான். சொந்தப் படையே அவனைக் கல்லால் அடித்துக் கொன்றது. பகடைக்காயைக் கண்டுபிடித்தவன், சில எழுத்துகளை உண்டாக்கியவன் என்றும் அவனைச் சொல்கிறார்கள். "தாயம் கண்டுபிடிச்சவனையா கொன்னாங்க!" என்று அக்கா உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

மேலே ஒரு கோட்டை இல்லை. தனித்தனியே பூட்டிக்கொள்ளக்கூடிய எட்டுக் கொத்தளங்கள். ஒன்று விழுந்தாலும் மற்றவை சண்டையைத் தொடரலாம் என்பது கணக்கு. வெனிஸ்காரர்கள் 1711-இல் தொடங்கி 1714-இல் முடித்தார்கள். இவ்வளவு பெரிய வேலையை மூன்றே வருடத்தில்! மறு வருடமே, 1715 ஜூலையில், உஸ்மானியத் துருக்கியரின் படை வந்தது. சில நாட்களில் கோட்டை போய்விட்டது. கட்ட மூன்று வருடம், இழக்க ஒரு வாரம் போலத்தான். பிறகு 1822 நவம்பர் 30, ஆண்ட்ரேயாஸ் புனிதரின் நாளில், ஸ்டைக்கோஸ் ஸ்டைக்கோபூலோஸ் என்ற கிரேக்கத் தளபதியின் ஆட்கள் ராத்திரியில் ஏறி வந்து துருக்கியரிடமிருந்து பிடித்தார்கள். உஸ்மானியர் காலத்தில் கொத்தளங்களுக்கு வேறு பெயர்கள். கிரேக்கர் கையில் வந்ததும் லியோனிடாஸ், மில்டியாடெஸ், அகிலெஸ் என்று தங்கள் பழைய வீரர்களின் பெயர்களை வைத்துவிட்டார்கள். வாசல்களில் மட்டும் வெனிஸின் சிறகு முளைத்த சிங்கம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதை யாரும் பெயர்த்து எடுக்கவில்லை.

கொலொகொத்ரோனிஸை அடைத்ததாகச் சொல்லும் அறையைக் காட்டுகிறார்கள். குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து நுழைய வேண்டும். உள்ளே கும்மிருட்டு. உண்மையான சிறை பக்கத்துக் கொத்தளத்தில் இருந்தது என்பவர்களும் உண்டு. எந்த அறையானால் என்ன, கதை நிஜம். துருக்கியரை எதிர்த்துப் போரை நடத்திய கிழட்டுத் தளபதி அவர். சுதந்திரம் வந்தபின் ஐரோப்பிய வல்லரசுகள் பவேரியாவிலிருந்து ஒட்டோ என்ற பதினேழு வயதுப் பையனை ராஜாவாக அனுப்பின. பையனின் பேரில் ஆட்சி நடத்திய பவேரியர்கள் 1834-இல் கொலொகொத்ரோனிஸ் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டார்கள். விசாரணை நடந்த இடம், நேற்றுப் பார்த்த அதே வுலெஃப்திகோ. ஐந்து நீதிபதிகளில் இரண்டு பேர், பொலிசோயிடிஸ், டெர்ட்செடிஸ் என்பவர்கள், மரண தண்டனையில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். சிப்பாய்களை விட்டுத் துப்பாக்கி முனையில் அவர்களை இழுத்துவந்து இருக்கையில் உட்கார வைத்தார்கள். அப்போதும் போடவில்லை. பிறகு அந்த இருவர் மீதே வழக்கு, அதிலும் விடுதலை. தளபதிக்குத் தண்டனை இருபது வருடச் சிறையாகக் குறைந்தது. 1835-இல் ஒட்டோவுக்கு வயது வந்ததும் மன்னிப்பு. மசூதி, நாடாளுமன்றம், நீதிமன்றம். இன்று மாலை அங்கே போனால் கதவில் ஒரு கச்சேரிச் சுவரொட்டி.

மேலேயிருந்து பார்த்தால் துறைமுகத்துக்கு நடுவில் ஒரு குட்டித் தீவுக்கோட்டை தெரியும். பூர்ட்சி. 15-ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் கட்டியது. எதிரிக் கப்பல் வராமல் கரைக்கும் அதற்கும் சங்கிலி கட்டியிருந்தார்களாம். பலமிதி சிறைச்சாலையாக இருந்தபோது, தலைவெட்டும் இயந்திரத்தை இயக்கிய ஆட்களை அங்கேதான் குடிவைத்தார்கள். அவர்களும் தண்டனைக் கைதிகள்தான், ஊருக்குள் விட்டால் உயிரோடு இருக்க முடியாது. அப்புறம் 1930-களில் அந்த இடமே சொகுசு விடுதி ஆனது. கொலையாளி படுத்த அறையில் தேனிலவு. படகில் போக ஆசைப்பட்டோம், காற்று பலமாக இருந்ததால் படகுக்காரர் கையை விரித்துவிட்டார்.

இறங்கும்போது எனக்கு முழங்கால் ஆடியது. அக்கா எதுவும் பேசவில்லை. எண்ணுகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

மூன்றாம் நாள்

காலையிலிருந்து மழை. அருங்காட்சியகத்துக்கு ஏற்ற நாள்.

மாடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு ஆள் நிற்பது போல வெண்கலக் கவசம். பக்கத்து ஊர் தென்ட்ராவில் 1960-இல் ஒரு கல்லறையில் கிடைத்தது. கி.மு. 15-ஆம் நூற்றாண்டு. முதல் பார்வைக்கு எனக்குப் பழைய வெந்நீர்த் தவலை ஞாபகம்தான் வந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் வரிசையாகப் பொடித் துளைகள். உள்பக்கம் தோல் வைத்துத் தைப்பதற்கு. இடுப்புக்குக் கீழே வளையம் வளையமாகத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்று சரியும்படி. கழுத்தைச் சுற்றி மூக்குவரை எழும்பும் பட்டை. தலைக்குக் காட்டுப்பன்றிக் கொம்பைச் சீவிச் சீவித் தைத்த தொப்பி. ட்ராய் போரைப் பாடும் இலியத் காவியத்தில் இப்படி ஒரு தொப்பியைப் பற்றி வருகிறது. அந்தக் காவியம் எழுந்த காலத்துக்குப் பல நூற்றாண்டு முன்பே வழக்கொழிந்த பொருள் அது. பாட்டின் வாய்க்குள் மட்டும் உயிரோடு இருந்திருக்கிறது.

இதைப் போட்டுக்கொண்டு யாராவது சண்டை போட முடியுமா, வெறும் ஊர்வல உடுப்பா என்று வெகுகாலம் தகராறு. 2024-இல் வெளிவந்த ஒரு ஆய்வு இதைத் தீர்க்கப் பார்த்தது. கவசத்தின் நகலைச் செய்து, கிரேக்கக் கடற்படை வீரர்கள் 13 பேருக்கு மாட்டி, இலியத்தில் வரும் சண்டை முறைகளை வைத்து 11 மணி நேரம் மோதவிட்டார்கள். முடிந்தது. யாருக்கும் பெரிய பாதிப்பு இல்லை. "பதினோரு மணி நேரமா! நான் பரீட்சை ஹாலில் மூணு மணி நேரம் நின்னதுக்கே கால் வீங்கிடும்" என்றாள் அக்கா.

மழை விட்டதும் அயியோஸ் ஸ்பிரிதோனாஸ் கோயிலுக்குப் போனோம். சின்னச் சந்து, அதில் ஒரு சின்னத் தேவாலயம். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு குழியைக் காப்பாற்றுகிறார்கள். கட்டைவிரல் நுழையும் அளவுதான். துப்பாக்கிக் குண்டு பட்ட இடம்.

1831 அக்டோபர் 9, ஞாயிற்றுக்கிழமை காலை. கிரேக்கத்தின் முதல் ஆளுநர் இயோன்னிஸ் கப்போதிஸ்ட்ரியாஸ் பூசைக்கு வருகிறார். அதற்கு முன் ரஷ்யப் பேரரசரின் வெளியுறவு அமைச்சராக இருந்தவர். மனைவி, மக்கள் இல்லை. கஜானா காலி, நாடு முழுக்கக் குறுநில வீரர்கள், ஆளாளுக்கு ஒரு படை. எல்லாரையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரப் பார்த்தார், கொஞ்சம் முரட்டுத்தனமாகவே. மானி பகுதியின் பெரிய தலைக்கட்டு பெட்ரோபேய் மவ்ரோமிகாலிஸைச் சிறையில் போட்டார். மானிக்காரர்களுக்குப் பழிக்குப் பழி என்பது குடும்பக் கடமை. பெட்ரோபேயின் தம்பியும் மகனும் வாசலில் காத்திருந்தார்கள். ஒருவர் சுட்டார், மற்றவர் குத்தினார். சித்தப்பா அங்கேயே கொல்லப்பட்டார். மகனைப் பிறகு சுட்டுக் கொன்றார்கள்.

உருளைக்கிழங்கைக் கிரேக்கர்களுக்குப் பழக்கியதும் கப்போதிஸ்ட்ரியாஸ்தான் என்பார்கள். சும்மா கொடுத்தபோது யாரும் தொடவில்லை. துறைமுகத்தில் குவித்து ஆயுதக் காவல் போட்டாராம். காவல் போட்டிருந்தால் விலை உயர்ந்த பொருளாகத்தான் இருக்கும் என்று ராத்திரியில் திருட ஆரம்பித்தார்கள். காவலர்களுக்குக் கண்டுகொள்ள வேண்டாம் என்று உத்தரவு. நடந்ததோ இல்லையோ, ஊர் மக்களின் மனசு தெரிந்த ஆள் சொன்ன கதை.

அக்கா கைப்பையைத் துழாவி ஒரு 20 சென்ட் நாணயத்தை எடுத்தாள். கிரேக்கத்தில் அடித்த நாணயம், பின்பக்கம் அவர் முகம். சுவர்க் குழியையும் நாணயத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தனியாக ஒரு உறையில் போட்டு வைத்தாள். நாளை மறுநாள் அது வேலைக்கு ஆகும் என்று அப்போது தெரியாது.

நான்காம் நாள்

ஆர்கோஸ் போகும் பேருந்தில் ஏறினால் 4 கிலோமீட்டரில் தீரின்ஸ், மைசீனிக் காலத்து அரண்மனைக் கோட்டை. இறங்கியது நாங்கள் இரண்டு பேர் மட்டும். பக்கத்தில் ஒரு வேளாண் சிறைச்சாலை, சுற்றிலும் ஆரஞ்சு, நடுவில் ஒரு தாழ்ந்த பாறைமேடு. அதன் மேல் மூவாயிரத்து இருநூறு வருடத்துச் சுவர்.

சுவர் என்று சொன்னால் புரியாது. ஒவ்வொரு கல்லும் ஒரு ஆட்டோ சைஸ். செதுக்கவில்லை, சாந்து இல்லை. இடுக்குகளில் சின்னக் கற்களைச் செருகியிருக்கிறார்கள். சில இடங்களில் கனம் 8 மீட்டர். பின்னால் வந்த கிரேக்கர்களுக்கே இது மனித வேலை என்று நம்ப முடியவில்லை. ஒற்றைக்கண் அரக்கர்கள் கட்டியது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகச் சுற்றிக் குறிப்பு எழுதிய பௌசானியாஸ், இதில் இருக்கிற சின்னக் கல்லைக்கூட ஒரு ஜோடி கோவேறு கழுதைகளால் அசைக்க முடியாது என்கிறார். இன்னொரு இடத்தில் சலித்தும் கொள்கிறார்: நம் ஆட்கள் எகிப்துப் பிரமிடை அங்குலம் அங்குலமாக வர்ணிப்பார்கள், வீட்டுப் பக்கத்துத் தீரின்ஸைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டார்கள் என்று. இன்றும் அதே நிலைமை. காவலர், நான், அக்கா, ஒரு பூனை.

சுவருக்குள்ளேயே ஒரு நடைவழி உண்டு. இரண்டு பக்கக் கற்களும் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி நகர்ந்து மேலே கூம்பாகச் சேர்கின்றன. அதன் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கல் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. தொட்டால் சோப்புக்கட்டி. அதற்கு மேலே சொரசொரப்பு. காரணம் ஆடுகள். அரண்மனை அழிந்தபின் நூற்றாண்டு நூற்றாண்டாக இடையர்கள் மழைக்கும் வெயிலுக்கும் மந்தையை இங்கே ஓட்டி அடைத்திருக்கிறார்கள். கம்பளி உரசி உரசி வந்த மெருகு. மைசீனியில் சிங்கங்கள் செதுக்கிய சிற்பிகளைவிட எனக்கு இந்த ஆடுகளின் வேலை பிடித்துப்போனது. நடைவழி பாதுகாப்புக்காக அவ்வப்போது அடைத்திருக்கும், எங்கள் அதிர்ஷ்டம் ஒரு முனை திறந்திருந்தது.

அங்கிருந்து டாக்ஸி பிடித்து மைசீனி. இது எல்லாரும் எழுதும் இடம், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். சிங்க வாசல் கி.மு. 1250 வாக்கில் கட்டியது. உத்தரக்கல் 20 டன்னாம். அதன் மேல் முக்கோணமாக ஒரு பலகைக்கல், இரண்டு சிங்கங்கள், தலைகள் இல்லை. தனியாகச் செய்து பொருத்திய தலைகள் எப்போதோ போய்விட்டன. முக்கோணம் அழகுக்காக மட்டும் இல்லை. சுவரின் பாரம் உத்தரத்தின் நடுவில் இறங்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போக விட்ட இடைவெளி. அதைத்தான் சிற்பத்தால் மூடியிருக்கிறார்கள். அக்கா கரும்பலகையில் வரைவது போலக் காற்றில் விரலால் அம்புக்குறி போட்டு எனக்கு விளக்கினாள். டாக்ஸிக்காரரும் தலையை ஆட்டிக் கேட்டார்.

உள்ளே வலப்பக்கம் வட்டக் கல்லறை. 1876-இல் ஷ்லீமன் என்ற தொல்லியலாளர் தோண்டித் தங்க முகமூடிகள் எடுத்த இடம். ட்ராய் போரில் கிரேக்கப் படைக்குத் தலைவனான அகமெம்னானையே பார்த்துவிட்டதாக நம்பினார். ஆனால் அந்த முகமூடி ட்ராய் போர் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முந்நூறு வருடம் மூத்தது. இப்போது ஏதென்ஸில் இருக்கிறது, இங்கே குழிகள் மட்டும்.

கீழே சாலையோரம் 'அட்ரியஸின் கருவூலம்'. பெயர்தான் கருவூலம், அதுவும் கல்லறைதான். 36 மீட்டர் நீளத்துக்குக் கல்சுவர் வழி, அதன் முடிவில் வாசல். வாசலுக்கு மேலே உள்கல் ஒன்று மட்டும் 120 டன். உள்ளே போனால் தேன்கூடு மாதிரி உயரமான வட்டம், தூண் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேல் உலகத்தில் இதைவிடப் பெரிய கவிகை கிடையாது, ரோமானியர்கள் வரும்வரை. அக்கா நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டினாள். சத்தம் தேனீக்கூட்டம் மாதிரி சுற்றி வந்தது.

குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கே கதவை மூடுகிறார்கள். வருகிறவர்கள் காலையிலேயே வந்துவிடுங்கள்.

ஐந்தாம் நாள்

நேற்றைய டாக்ஸிக்காரரே வந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில், மறு கையில் கொம்போலோய் மணிமாலை. ஜெபத்துக்கு இல்லை, விரலுக்கு வேலை. எபிடாரஸ் போகும் வழியில், நான் கேட்காமலேயே, வண்டியை ஓரம் கட்டி, "ஜெஃபிரி" என்றார். பாலம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. சாலையிலிருந்து ஆலிவ் மரங்களுக்குள் பத்தடி இறங்கினால், புல் மூடிய ஒரு கல்மேடு. அர்க்காதிகோ பாலம். கி.மு. 13-ஆம் நூற்றாண்டு. 22 மீட்டர் நீளம், 4 மீட்டர் உயரம். அடியில் ஆள் குனிந்தால் நுழையக்கூடிய ஒரு துவாரம், அதில் முந்தாநாள் மழைத்தண்ணீர் கொஞ்சம். தீரின்ஸில் பார்த்த அதே கை. கற்கள் அடுக்கடுக்காக உள்ளே நீண்டு கூம்பில் முடிகின்றன. சாந்து கிடையாது. பெரிய கல்லுக்கும் பெரிய கல்லுக்கும் நடுவில் ஆப்பு வைத்தது போலச் சிறு கற்கள், அவற்றில் ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. மேலே பாதை இரண்டரை மீட்டர் அகலம், தேர் போகும் அளவு. தீரின்ஸிலிருந்து எபிடாரஸ் பக்கம் போன ராணுவச் சாலையின் மிச்சம்.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் தோளில் ஆலிவ் வலையும் கையில் நீளக் கம்புமாக எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தார். பாலத்தின் மேல் நடந்து, எங்களுக்கு 'கலிமேரா' சொல்லிவிட்டு, அந்தப் பக்கத் தோப்புக்குள் போய்விட்டார். அறுவடைக் காலம். அவருக்கு அது தோப்புக்குப் போகும் வழி, அவ்வளவுதான். டிக்கெட் இல்லை, வேலி இல்லை, காவலர் இல்லை. நான் இந்தப் பயணத்தில் அதிக நேரம் நின்ற இடம் இதுதான்.

எபிடாரஸ் பழங்கால ஆஸ்பத்திரி. மருத்துவக் கடவுள் அஸ்க்லெப்பியோஸின் தலம். நோயாளிகள் குளித்து, பலி கொடுத்து, ஒரு நீண்ட மண்டபத்தில் ராத்திரி படுத்துத் தூங்க வேண்டும். கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார், அல்லது வைத்தியம் சொல்வார். குணமானவர்களின் கதைகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று, ஐந்து வருடம் கர்ப்பமாக இருந்த க்ளியோ என்ற பெண்ணைப் பற்றியது. இங்கே தூங்கி எழுந்து வெளியே வந்ததும் ஆண் குழந்தை. பிறந்த குழந்தை தானே ஊற்றில் குளித்துவிட்டு அம்மாவோடு நடந்து போனதாம். இன்னொன்று, ஒரு கண் தெரியாத ஏதென்ஸ்காரி அம்ப்ரோசியா. தலத்தைச் சுற்றிவந்து, நொண்டி நடந்தான் குருடன் பார்த்தான் என்று எழுதியதையெல்லாம் படித்துச் சிரித்தாள். கனவில் கடவுள் வந்தார். குணப்படுத்துகிறேன், ஆனால் கட்டணமாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும், உன் அறியாமைக்கு நினைவுச்சின்னமாக என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற பள்ளிப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். நக்கலுக்குப் பதில் நக்கல் சொன்ன கடவுளை எனக்கும் பிடித்திருந்தது.

அரங்கம் கி.மு. 4-ஆம் நூற்றாண்டு. கீழே 34 வரிசை, பின்னால் சேர்த்த 21 வரிசை, ஆக 55. கிட்டத்தட்ட 14,000 பேர் உட்காரலாம். நடுவில் நின்று காசைப் போட்டால் கடைசி வரிசையில் கேட்கும் என்று எல்லா வழிகாட்டியும் சொல்கிறார். சரி, சோதித்துவிடலாம். அக்கா தன் கைப்பை உறையிலிருந்து கப்போதிஸ்ட்ரியாஸ் நாணயத்தை என்னிடம் கொடுத்துவிட்டு மேலே ஏறினாள். 55-ஆவது வரிசையில் உட்கார்ந்து கையை ஆட்டினாள். நான் நடுக்கல்லில் நின்று காசைப் போட்டேன். ஒரு காகிதத்தைக் கிழித்தேன். அவள் பெயரை ரகசியம் போலச் சொன்னேன். பிறகு சாதாரணக் குரலில் ஒரு திருக்குறள். கடைசியாகக் கொஞ்சம் குரல் உயர்த்தி, "அக்கா, பசிக்குது!"

இறங்கி வந்து தீர்ப்புச் சொன்னாள். "பசிக்குது மட்டும் தெளிவா கேட்டுச்சு. குறள் பாதி. காசு, ஏதோ 'டிங்'னு. என்ன விழுந்ததுன்னு தெரியாது. நீ என் பேரைச் சொன்னியா? எப்போ?"

2017-இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழகத்தார் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒலிவாங்கி வைத்து அளந்து சொன்னதும் ஏறக்குறைய இதுதான். உரக்கப் பேசினால் கடைசிவரை புரியும், கிசுகிசு போகாது. வழிகாட்டிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அக்காவிடம் ஒருவர் வாதாடினார். "நான் மேலதான் இருந்தேன்" என்று அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

ஆறாம் நாள்

மத்தியானம் பேருந்து. காலையில் எழுந்தால் பக்கத்துக் கட்டில் காலி. மேசையில் ஒரு சீட்டு: "படிக்குப் போறேன். காபி குடிச்சிட்டு இரு."

சதுக்கத்தில் காபி குடித்தேன். மண்டியோடு வரும் சின்னக் கோப்பை. முன்பு இதற்குத் துருக்கிக் காபி என்று பெயர். 1974 சைப்ரஸ் சண்டைக்குப் பிறகு கிரேக்கக் காபி ஆகிவிட்டது. கோப்பை அதே, பொடி அதே.

பதினோரு மணிக்கு அக்கா வந்தாள். முகம் சிவந்து, சால்வை இடுப்பில் கட்டி. நாற்காலியில் விழுந்தாள். தண்ணீர் கொடுத்தேன்.

"எத்தனை?"

"ஏறும்போது ஒரு கணக்கு வருது, இறங்கும்போது ஒரு கணக்கு வருது. பதினொண்ணு இடிக்குது."

"உடைஞ்ச படியை ரெண்டா எண்ணிட்டியோ?"

பதில் இல்லை. பேருந்து நிலையத்தில் டிக்கெட்டை வாங்கியதும் அதன் பின்பக்கத்தில் பேனாவால் ஏதோ கூட்ட ஆரம்பித்தாள். ஆர்கோஸ் தாண்டியது. ஆரஞ்சுத் தோட்டங்கள் முடிந்தன. கொரிந்துக் கால்வாயில் வண்டி நின்றபோது இந்தத் தடவை நிதானமாகவே நின்றது. "அக்கா, வா, கால்வாய் பார்க்கலாம்" என்றேன். தலையைத் தூக்காமல், "நீ போய்ப் பார்த்துட்டு வா, அந்த வளைவு வாசலுக்குக் கீழ ஒரு அஞ்சு படி இருக்கு, அங்கதான் தப்பு நடந்திருக்கு" என்றாள்.